பேர் நட்சத்திரம் சொல்லி ஏறிய படிகள்

அத்தியாயம் ஒன்பது

பள்ளிப்பட்டுத் தேசப்பன் லுங்கிக் கட்டை அவிழ்த்துப் பரப்பினான். விலையைச் சொன்னான். சொல்லிவிட்டு, வழக்கமாக வந்து விழும் வசவுக்காகக் காத்து நின்றான்.

"சரி, வெச்சுட்டுப் போ" என்றார் லுங்கி மொத்த வியாபாரி கோதண்டபாணி.

தேசப்பனின் இத்தனை வருஷப் பழக்கத்தில் இந்த முதலாளி ஒரு கட்டையும் அப்படி எடுத்ததில்லை. முதலில் கரையைப் பிடித்து இழுப்பார். பிறகு சாயத்தை முகர்ந்து பார்ப்பார். அப்புறம் நகரியில் இதைவிட நல்ல சரக்கு தெருவில் கிடப்பதாகப் பெருமூச்சு விடுவார். தேசப்பன் கட்டைத் திரும்பக் கட்டுவதுபோல் பாவனை செய்வான். அதற்கப்புறம்தான் விலை என்ற பேச்சே எழும். இன்றைக்கு எதுவும் இல்லை. தான் சொன்ன விலை குறைச்சலோ, அல்லது முதலாளிக்கு மறுபடியும் நெஞ்சுவலியோ என்று குழம்பியபடியே அவன் படி இறங்கிப் போனான்.

இரண்டும் இல்லை. முதலாளியின் கண் கடைத்தெரு முனையிலேயே இருந்தது. அரக்கோணத்துக்குப் போன மகள் வசந்தி இன்னும் வரவில்லை.

இந்தக் கதையில் பாதி வழியில் ஏறியவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. தை மாதம் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது கோதண்டபாணிக்கு மார்பை யாரோ முறுக்கிப் பிழிந்தது போல இருந்தது. அரக்கோணத்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொலஸ்ட்ராலில் நல்லது, கெட்டது என்று இரண்டு உண்டு என்றார். அந்தச் சொல்லே திருத்தணிக் கடைத்தெருவுக்குப் புதுசு. கெட்டது ரத்தக் குழாயில் சரக்கை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். நல்லது அதை வாரிக்கொண்டு கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும்.

கோதண்டபாணி அதைத் தன் கிடங்குக் கணக்கில் புரிந்துகொண்டார். மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகிற ஆள் நிறைய. எடுத்து உள்ளே அடுக்குகிற ஆள் பற்றாக்குறை. "அந்த நல்லது எங்க கெடைக்கும் டாக்டர், மெட்ராஸ்ல கெடைக்குமா?" என்று கேட்டார்.

கிடைக்காது என்றார் டாக்டர். வாங்க முடியாத சரக்கு அது. உடம்பே பார்த்து உற்பத்தி செய்தால்தான் உண்டு. சிகரெட்டை விட வேண்டும். வனஸ்பதியில் பொரித்ததைத் தொடக் கூடாது. கீரை, பயறு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வாரத்தில் இரண்டு நாள் மீன். தொப்பை இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் நடக்க வேண்டும். "உங்க ஊர்ல மலை இருக்கே. கொஞ்சம் கொஞ்சமா, நின்னு நின்னு ஏறுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பார்க்கலாம்."

வசந்திக்குக் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாடு வகுத்துக் கொடுக்கும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருஷம். நாளைக் காலை ரயில் ஏறினால்தான் சேர முடியும். "நைனா ரிப்போர்ட் நல்லா வந்தா போறேன். இல்லன்னா போவல" என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்திருந்தாள். அந்த ரிப்போர்ட்டை வாங்கத்தான் இன்று போயிருக்கிறாள்.

இனி, இந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரிந்த ஒரு சங்கதி.

கோதண்டபாணி மலை ஏறவில்லை.

முதல் நாள் ஏறினார். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. மார்பு இறுகுவது போல இருந்தது. உண்மையில் இறுகியதா, பயத்தில் அப்படித் தோன்றியதா என்று அவருக்கே தெரியாது. விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டார். மறுநாள் கடை ஆள் எல்லப்பனைக் கூப்பிட்டார்.

"எல்லப்பா, மேல போய் என் பேரு, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணுவியே, அந்தப் புண்ணியம் யாருக்கு வருது?"

"உங்களுக்குத்தாங்க மொதலாளி."

"அப்போ படியையும் என் பேரு நட்சத்திரம் சொல்லி ஏறு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முழுக்கச் சிரிப்பும் இல்லை. நூல் பிடிக்க ஓர் ஆள், சாயத்துக்கு ஓர் ஆள், வசூலுக்கு ஓர் ஆள் என்று ஆள் வைத்தே பிழைத்தவர். வியாபாரத்தில் நடக்கிறது, சாமி காரியத்திலும் நடக்கிறது, உடம்பு மட்டும் என்ன பெரிய கொம்பா என்று மனசின் ஒரு மூலை நிஜமாகவே நம்பியது.

அன்றிலிருந்து எல்லப்பன் விடியற்காலையில் மலை ஏறுவான். முதலாளி சரவணப் பொய்கைப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். இரண்டு போண்டா, ஒரு டீ, ஒரு சிகரெட். எல்லப்பன் கொண்டுவரும் விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவார். மனைவி பத்மா அந்த விபூதியைப் பார்த்து ஒவ்வொரு நாளும் கும்பிடுவாள்.

வசந்தி வந்தபோது உச்சி வெயில். நேராகக் கடைக்குள் வராமல், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனாள். அதிலேயே கோதண்டபாணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சரக்கு நன்றாக விற்றிருந்தால் ஆள் வாசல் வழியாகத்தான் வருவான்.

அவரும் பின்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்தார். கூடத்தில் பத்மா நின்றிருந்தாள். கோதண்டபாணியின் அக்கா ஞானம்மாள் ஊஞ்சலில் இருந்தாள். கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி மெலிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

"நைனாவோட நல்ல கொலஸ்ட்ரால் ஏறல" என்றாள் வசந்தி. "முப்பத்தஞ்சு இருந்தது. இப்போ முப்பத்திமூணு."

ஞானம்மாள் ஊஞ்சலை நிறுத்தினாள். மூன்று மாதமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. நெய்யில் வளர்ந்த உடம்பு. அதற்குக் கீரையும் கடலையும் போட்டால் எப்படித் தாங்கும்? மீன் கூடக் குழம்பாக இல்லை, ஆவியில் வேகவைத்து, மாட்டுக்குப் போடுவது போல. டாக்டர் ஒன்று சொன்னால் இந்தப் பத்மா ஒன்பதாகச் செய்கிறாள். எல்லாம் பத்மாவின் கைப்பாகம் செய்த கோளாறு.

பத்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இரு அத்தை" என்றாள் வசந்தி. "அம்மாவோடதும் வந்திருக்குது."

போன தடவை ஊசியைப் பார்த்ததும் கோதண்டபாணி கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டுவிட்டார். முதலில் நீ காட்டு, அப்புறம் நான் என்று மனைவியிடம் பேரம் பேசினார். பத்மா மறுபேச்சில்லாமல் கையை நீட்டினாள். இந்தத் தடவையும் அதே. அப்படித்தான் அவளுக்கும் ஒரு கணக்கு எழுதப்பட்டிருந்தது.

"அம்மாவுக்கு நாப்பத்திரெண்டு இருந்தது. இப்போ நாப்பத்தாறு. ஏறியிருக்குது. ரெண்டு பேரும் ஒரே சட்டியிலதான் தின்றீங்க. எனக்குப் புரியவே இல்ல."

ஞானம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "நல்லதையெல்லாம் இவ எடுத்துகினு, கெட்டதை என் தம்பி எலையில வெச்சிருக்கா."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்குக் கோதண்டபாணியே முதல் ஆளாகச் சிரித்திருப்பார். இன்று தலையைக் குனிந்து, ரிப்போர்ட் காகிதத்தை அது ஏதோ புதுத் தினுசுத் துணி போல விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். வாய் திறக்கவில்லை. திறந்தால் தன் மானம் போகும். திறக்காவிட்டால் பத்மாவின் சமையல்தானே போகிறது என்று உள்ளே ஒரு தராசு ஆடியது. அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது.

"நாளையிலேர்ந்து நீங்களே சமைச்சுப் போடுங்க அண்ணி" என்றாள் பத்மா. குரல் தட்டையாக இருந்தது. அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"நான் கோயமுத்தூர் போவல" என்றாள் வசந்தி.

ஞானம்மாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வசந்தி அதோடு விடவில்லை. நைனா எப்படி ஏறுகிறார், எங்கே நிற்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறது என்று கூடவே போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இன்று சாயங்காலமே போகலாம் என்றாள்.

கோதண்டபாணி தன் அங்காடியில் இருந்த அத்தனை சாக்குகளையும் எடுத்துக் கடை விரித்தார். பள்ளிப்பட்டு லோடு வருகிறது. காலையில்தான் ஏறியாயிற்று, ஒரு நாளில் இரண்டு தடவையா? வானம் மூட்டமாக இருக்கிறது. மகள் ஒவ்வொன்றையும் விலை கேட்காமலேயே ஒதுக்கிவிட்டாள். எதற்கும் துணைக்கு ஓர் ஆள் இருக்கட்டும் என்று அவளே எல்லப்பனையும் கூப்பிட்டாள். எல்லப்பன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கூரையைப் பார்த்தார்.

ஞானம்மாளுக்கு முட்டிவலி. அவள் வீட்டிலேயே தங்கினாள்.

வெயில் இறங்கி, மலைமேல் காற்று வந்துவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் நாள் இருந்ததால் படியில் கூட்டம் இல்லை. வசந்தி நைனாவின் பின்னாலேயே வந்தாள். பத்மா இரண்டு படி தள்ளி, யாரோடும் பேசாமல் வந்தாள். எல்லப்பன் தேங்காய்ப் பையோடு வேண்டுமென்றே பின்தங்கினான். ஆனால் கால் பழக்கம் யாரை விட்டது? கவனிக்காமல் நடந்து நடந்து முதலாளியைத் தாண்டி முன்னால் போய்விட்டான்.

முதல் மண்டபத்துக்கு வருவதற்குள் கோதண்டபாணி நனைந்துவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு, கடவுளை நினைப்பது போலக் கண்ணை மூடினார்.

மண்டபத்தில் கற்பூரமும் நீர்மோரும் விற்கும் கன்னியம்மாள் எல்லப்பனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"இன்னாண்ணே, காலையிலதானே போன? சாயங்காலமும் வந்துகினு இருக்கியே. உங்க மொதலாளிக்கு எப்படி இருக்குது? பாவம், படுத்த படுக்கையா கெடக்குறாரு, அவருக்கோசரம்தான் தெனம் ஏறுறேன்னியே."

எல்லப்பன் பையைத் தோள் மாற்றினான்.

கன்னியம்மாள் ஒரு தம்ளர் மோரைக் கோதண்டபாணியிடம் நீட்டினாள். "குடிங்க ஐயா. ஊருக்குப் புதுசுங்களா? பழக்கம் இல்லாதவங்களுக்கு மொதல் நாள் இப்படித்தான் இருக்கும்."

கோதண்டபாணி மோரை வாங்கிக்கொண்டார். வசந்தி எல்லப்பனைப் பார்த்தாள், பிறகு நைனாவை. பத்மா யாரையும் பார்க்கவில்லை. படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. கோதண்டபாணி எல்லாவற்றையும் சொன்னார். டீக்கடை, போண்டா, சிகரெட், எல்லப்பன் கொண்டுவந்த விபூதி. நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டு, ஒருவரிடமும் சொல்லாததையும் சொன்னார். "சோம்பேறித்தனம் இல்லம்மா. பயம். மொத நாள் மார் அடைச்சுது. நாலு பேர் மொட்டை போட்டுகினு போற படியில நான் மட்டும் உருண்டு கெடந்தா என்னா ஆவறதுன்னு பயம்."

வசந்திக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தார். பத்மாதான் பேசினாள்.

"படி ஏறாதது போவட்டும். பயந்தாப் பயந்ததுதான். மத்தியானம் அண்ணி என் கையச் சொன்னாங்களே, அப்போ பக்கத்துலதானே உக்காந்துகினு இருந்தீங்க?"

அவ்வளவுதான். குரல் கூட உயரவில்லை. கடைத்தெருவில் எந்த ஆள் எந்தப் பேச்சைப் போட்டாலும் கீழே விழுவதற்குள் திருப்பி வீசுகிற மனிதர், மோர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வசந்தி சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு. கோதண்டபாணிக்கு அழுகிறாளோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"நைனா, ரயில்ல வரும்போது பூரா அழுதுகினே வந்தேன். நடந்தாச்சு, சிகரெட்டை விட்டாச்சு, சாப்பாட்டை மாத்தியாச்சு. எல்லாம் பண்ணியும் எறங்குதுன்னா இனிமே இன்னா வழின்னு நெனச்சேன். நீ ஒண்ணுமே பண்ணலையே. இன்னும் மருந்து சீசாவைத் தொறக்கவே இல்லையே நம்ம."

கோதண்டபாணி நிமிர்ந்தார். விற்காது என்று எழுதிவிட்ட சரக்கு, கிடங்கில் கட்டுப் பிரிக்காமலேயே கிடக்கிறது என்று யாரோ வந்து சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

வசந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். அம்மா செய்த சாப்பாட்டில் குறை இல்லை என்பதற்கு அம்மாவின் ரத்தமே சாட்சி. கீரைக்கும் மீனுக்கும் ரயில்வே கேட் வரை தினம் நடந்து போய் வந்ததும் அவள்தான். நைனா வீட்டில் வேர்க்கடலை தின்றது நிஜம். ஆனால் காலையில் டீக்கடையில் பழைய வனஸ்பதியில் பொரித்த போண்டா உள்ளே போனது. மேலே ஒரு சிகரெட். சிகரெட் நல்லதைக் குறைக்கும் என்று டாக்டர் தனியாகவே சொல்லியிருந்தார். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் நல்லது ஊறாது. ஒரே ராத்திரியில் ஏறவும் ஏறாது, மாதக்கணக்காகும், ஆனால் ஏறும். இனி மார் அடைத்தால் மறைக்கக் கூடாது, அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்ததும் முதல் வேலை டாக்டரிடம் போவது.

"இப்போ அடைக்குதா?"

கோதண்டபாணி மார்பில் கையை வைத்துப் பார்த்தார். மூச்சு வாங்குகிறது. கால் வலிக்கிறது. அடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மேல போலாமா?" என்றார்.

வேண்டாம் என்றாள் மகள். இந்த அடைப்புச் சங்கதியை டாக்டரிடம் சொல்லும் வரை இந்த மண்டபத்தைத் தாண்டக் கூடாது. எல்லப்பன் மட்டும் தேங்காயோடு மேலே போனான். இந்தத் தடவை யார் பேரைச் சொல்லட்டும் என்று கேட்டான். "உன் பேரைச் சொல்லுடா" என்றார் முதலாளி.

இறங்கும்போது கோதண்டபாணி மகளிடம் கேட்டார், ரயில் எத்தனை மணிக்கு என்று. வசந்தி அடுத்த படியைப் பார்த்து இறங்கினாள். அவள் நம்பினால் போவாள். எதை வைத்து நம்புவாள்? அவர் வாயிலிருந்து வந்த எந்தச் சரக்குக்கும் இன்று சந்தையில் விலை இல்லை. அது அவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். ஞானம்மாள் புதுச் சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் மணைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் நெய் மணம்.

கோதண்டபாணி செருப்பைக் கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, பத்மா கையில தப்பு இல்ல. நான்தான் மலை ஏறல. மூணு மாசமா எல்லப்பன் ஏறினான். நான் கீழ குந்தினு போண்டா தின்னுகினு இருந்தேன். மத்தியானம் நீ அவளைப் பேசினப்போ தெரிஞ்சும் வாயை மூடிகினு இருந்தேன். அதுதான் பெரிய தப்பு."

ஞானம்மாள் தம்பியைப் பார்த்தாள். பத்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த மணையை மெதுவாகச் சுவரில் சாய்த்தாள்.

"இதை ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

"ஏன்?"

வசந்திதான் போகவில்லை என்று சொல்லிவிட்டாளே என்று, கல்யாணத் தரகர் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு விட்டிருந்தாள் ஞானம்மாள். சித்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். பையன் ஒரே பிள்ளை. நாளைக் காலையில் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியாயிற்று. தரகர் சித்தூர் பஸ் பிடிக்க இப்போதுதான் புறப்பட்டுப் போனார்.

அதாவது, ரயில் கிளம்புகிற நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் இந்த வட்டாரத்து ஜவுளிக் கடைகளில் அந்தப் பேச்சு ஒரு வருஷம் ஓடும். உட்கார வைத்தால் ரயில் போய்விடும்.

வசந்தி தூணருகில் அசையாமல் நின்றாள். பார்வை நைனா மேல் இருந்தது. அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் எடுக்க இன்னும் நேரம் இருக்குது" என்றாள் ஞானம்மாள், குற்றம் செய்துவிட்ட குரலில். "எல்லப்பன் வந்ததும் அவன ஓட விடு. தரகரைத் திருப்பிக் கூட்டிகினு வந்துடுவான்."

"வேணாம்" என்றார் கோதண்டபாணி. "நானே போய்ச் சொல்றேன்."

பஸ் நிலையம் கடைத்தெருவின் அந்தக் கோடியில் இருந்தது. அவர் திரும்பித் தெருவில் இறங்கினார். பத்தடி போயிருப்பார்; பின்னால் வளையல் சத்தம். பத்மா வந்து, அவர் பக்கம் திரும்பாமல், அவரைத் தாண்டி ஒரு எட்டு முன்னால் நடந்தாள். "ஓடாதீங்க. மூச்சு வாங்கினா நின்னுடுங்க. முடியாட்டி நான் போய் பஸ்ஸை நிறுத்தறேன்" என்றாள்.

கோதண்டபாணி அவள் வேகத்துக்குக் கால் போட்டார். தெரு முனையில் சித்தூர் பஸ் ஹாரன் ஒரு தடவை கேட்டது.